கிருமிப் பெட்டியில் உறைந்த தயிர்

ஓசூரில் மார்கழி மாதம் தயிர் உறையாது. வெயிலூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில் என் மனைவி பாலில் உறை ஊற்றி, சட்டியைக் கம்பளியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். காலையில் எடுத்துப் பார்த்தால் அது பாலும் இல்லை, தயிரும் இல்லை. சளி மாதிரி இழுக்கும். அதைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு நான் கத்துவேன்.

"குளுருக்கு நானா பொறுப்பு?" என்று அவள் திருப்பிக் கத்துவாள். "ஏன் இந்த ஊருக்குத் தள்ளுனாங்கன்னு போயி உங்க சர்க்காரைக் கேளுங்க."

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாகலூர் போகிற சாலையில் மாடுகளுக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நான் லேப் உதவியாளனாக இருந்தேன். பத்தாவது வரை படித்திருந்தேன். அதில் தேறினேனா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

எங்கள் லேப்பின் வேலை கன்று வீச்சு நோயைப் பற்றியது. சினைமாடு நிறைமாதம் ஆகும் முன்னால் கன்றைச் செத்ததாகப் போட்டுவிடும். தொழுவத்தில் ஒன்று போட்டால் பின்னாலேயே மற்றவையும் போடும். அதற்குக் காரணமான கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்போம். சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய் மாடுகளின் ரத்தத்தை எடுத்து வந்து சோதிப்போம். லேப்புக்கு அதிகாரி ஒரு பெண். மெட்ராஸில் படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். அவர் வந்த முதல் நாளே எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: இந்தக் கிருமி மனிதனையும் பிடிக்கும், பிடித்தால் மாதக்கணக்கில் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கே ஆபத்து.

சொன்னதோடு விடவில்லை. ஒரு பலகையில் விதிகளை எழுதி மாட்டச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல வெள்ளைப் பெயிண்டால் எழுதியவன் நான். என் எழுத்து அழகாக இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே நிழல்கூடப் போட்டேன். பஞ்சு வைக்காத பிப்பெட்டை வாயில் வைக்கக் கூடாது. லேப்புக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. தொழுவத்தில் கையுறையும் பூட்ஸும் போட வேண்டும். வேலை முடிந்ததும் கார்பாலிக் மருந்து கலந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும். எழுதி முடித்து, நாலடி தள்ளி நின்று, எழுத்து ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குமேல் அந்தப் பலகையில் எனக்கு வேலை இருப்பதாகத் தோன்றவில்லை.

பிப்பெட் என்பது கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழல். ஒரு முனையைத் திரவத்தில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, வேண்டிய கோட்டில் நிறுத்த வேண்டும். வாய்வைக்கும் முனையில் பஞ்சு அடைத்தால் உறிஞ்சுவது மெதுவாகும். எனக்குப் பஞ்சு பிடிக்காது. பீடி இழுத்துப் பழகிய வாய் எனக்கு. பஞ்சில்லாமல் ஒரே இழுப்பில் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவேன், ஒரு மயிரிழை மேலே போகாது. அம்மா, அதாவது அதிகாரி, பக்கத்தில் இல்லாதபோது பந்தயம் கட்டிக்கூடச் செய்து காட்டியிருக்கிறேன். இரண்டு தடவை திரவம் நாக்குக்கு வந்துவிட்டது. துப்பிவிட்டு டீ குடித்தேன். டீ எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இதைவிடப் பெரிய வீரம் காட்டினேன். ஒரு விவசாயியின் மாடு கன்றை வீசியிருந்தது. நஞ்சுக்கொடி உள்ளேயே நின்றுவிட்டது. அம்மா ரப்பர் கையுறையைக் கொடுத்தார். அது என் கைக்குச் சின்னது, போடும்போதே வழுக்கியது. கழற்றி வேலி மேல் வீசிவிட்டு, வெறுங்கையைத் தோள் வரைக்கும் விட்டு இழுத்து எடுத்தேன். முந்தின நாள் முள் கிழித்த காயம் அந்தக் கையில்தான் இருந்தது. விவசாயி தெலுங்கில் ஏதோ சொல்லி என் முதுகைத் தட்டினார்.

"என்ன சொல்றாரு, பாய்?" என்று எங்கள் ஜீப் டிரைவரைக் கேட்டேன். அவர் கிருஷ்ணகிரிக்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்.

"ஆம்பளைன்னா இப்படி இருக்கணுமாம்" என்றார் டிரைவர்.

அம்மா வேலிக்குப் போய் அந்தக் கையுறையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'பயந்தாங்கொள்ளி' என்று நினைத்துக்கொண்டே கையை வைக்கோலில் துடைத்தேன்.

இனித் தயிருக்கு வருகிறேன்.

கிருமி வளர்க்கிற பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். செம்புத் தகட்டில் செய்தது, உள்ளே இரண்டு தட்டு, கீழே மண்ணெண்ணெய் விளக்கு. இரவும் பகலும் உள்ளே உடம்புச் சூடு இருக்கும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை என்னுடையது என்பதால் லேப்பின் சாவியும் என்னிடம். ஒரு நாள் விடிகாலையில் குளிரில் விரல்கள் விறைத்துப்போய், எண்ணெய் ஊற்றிவிட்டு அந்தப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இதமாக இருந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

அன்று மாலை சட்டியைத் துணியால் மூடிக் கொண்டுபோய் மேல்தட்டில் வைத்தேன். காலையில் எடுத்தால், தயிரைக் கத்தியால் வெட்டலாம்.

"எங்க வச்சி எடுத்தாந்தீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீசுல சூடா ஒரு எடம் இருக்குது."

"என்னா எடம்?"

"தின்னுட்டுப் பேசு."

தின்றாள், பேசவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் செய்த காரியங்களில் அவள் குறை சொல்லாத ஒன்று அதுதான்.

அந்தப் பெட்டிக்குள் கிருமி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கீழ்த்தட்டில் நானே அடுக்கியவைதான். மேல்தட்டு தயிருக்கு, கீழ்த்தட்டு கிருமிக்கு என்று பாகம் பிரித்துவிட்டால் போதும் என்றிருந்தேன். கிருமி ஏணி வைத்து ஏறி வரவா போகிறது!

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டிரைவருடையது. அவர் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. மூன்றாவதாக இது. எது தின்றாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள், என் மனைவி கொடுத்த தயிரில் ஒரு கவளம் சோற்றைப் பிசைந்து தின்று, அது தங்கியதும், மறுநாளே ஒரு சின்னச் சட்டியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கும் அந்தச் சூடான எடத்துல வச்சிக் குடுங்கண்ணே. புளிக்காம, கெட்டியா."

நான் தோளை நிமிர்த்திக்கொண்டு சட்டியை வாங்கினேன். ஊருக்கே தயிர் உறைய வைக்கிறவன் நான் என்ற நினைப்பு. தினமும் அம்மா வருவதற்குள், ஏழு மணிக்கு இரண்டு சட்டியும் வீட்டுக்குப் போய்விடும். இப்படி மூன்று வாரம் போனது.

ஒரு நாள் மாலை, நான் சட்டிகளை வைத்துவிட்டு வெளியே விறகு வாங்கப் போயிருந்தபோது, அம்மா ஒரு காகிதம் எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். கீழ்த்தட்டில் இடமில்லாமல் வெளியே நின்ற நான்கு குழாய்களைப் பெட்டியின் கதவைத் திறந்து மேல்தட்டின் முன்பக்கமாக நிறுத்திவிட்டுப் போனார். சட்டிகள் பின்னால் இருட்டில் இருந்ததால் அவர் பார்க்கவில்லை. குழாய்கள் வந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அரைத் தூக்கத்தில் கையை விட்டுச் சின்னச் சட்டியை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். காது கேட்டது. மூளைக்குப் போய்ச் சேரவில்லை. சட்டிகளோடு வீட்டுக்குப் போனேன்.

ஒன்பது மணிக்கு அம்மா பெட்டியைத் திறந்தார்.

"இங்க வாங்க."

போனேன். மேல்தட்டில் ஒரு குழாய் கழுத்து முறிந்து கிடந்தது. கிருமி வளர்ந்த கலங்கல் நீர் தட்டெல்லாம் ஓடிக் காய்ந்திருந்தது. அதன் நடுவே சட்டியின் அடி இழுபட்ட தடம். ஓரத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு.

"இங்க என்ன இருந்தது?"

"தெரியலீங்கம்மா."

"பால் வாசனை வருதே."

"குழாய்க்குள்ள இருந்ததா இருக்குங்க."

"நாம அதுல பால் சேர்க்கறதில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்தத் தடத்தையே பார்த்தேன். தடம் சின்னதாக இருந்தது. என் வீட்டுச் சட்டி பெரியது.

விளக்குக்கு எண்ணெய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். டிரைவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. பூராத்தையும் நானே தின்னுட்டேன். அவருக்குக்கூட வைக்கல" என்று சிரித்தாள்.

"மேல கட்டியிருந்த துணி ஈரமா இருந்துச்சா, தங்கச்சி?"

"ஈரமாத்தான் இருந்துச்சு. ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல."

திரும்பி நடந்தேன். லேப் அரை மைல். அந்த அரை மைலில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதாவிட்டால் இதை எழுதவே வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது, மூன்றாவதும் போனால் அவள் உடம்புவாகு என்றுதான் சொல்வார்கள், என்னை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படிப்பட்ட ஆள்தான் பாகலூரில் ஆம்பளை என்று பெயர் வாங்கியவன்.

பின்னால் ஜீப் வந்து நின்றது.

"ஏண்ணே வேர்க்க வேர்க்க நடக்கறீங்க? ஏறுங்க" என்றார் டிரைவர்.

ஏறினேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். "உங்க புண்ணியத்துலதாண்ணே அவளுக்குச் சோறு எறங்குது. நேத்து கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தப்ப எங்கம்மா கேட்டாங்க, எப்படி இருக்கான்னு. தயிர்தான் அவளைக் காப்பாத்துதுன்னு சொன்னேன். அல்லா உங்களை நல்லா வைக்கணும்."

லேப் வாசலில் இறங்கியதும், "பாய், உள்ள வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அம்மாவின் மேஜைக்கு முன் இருவரும் நின்றோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வாரத்தையும் சொன்னேன், அன்றைய காலையையும் சொன்னேன், ஈரத் துணியையும் சொன்னேன்.

அம்மா எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தப் பலகையை எழுதினது யாரு?" என்றார் அம்மா.

"நாந்தாங்கம்மா."

"வாசிங்க."

"அம்மா..."

"சத்தமா வாசிங்க."

வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் நிற்கிறவன் மாதிரி நின்று, நிழல் போட்ட என் அழகான எழுத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். 'லேப்புக்குள் தின்பண்டம்' என்ற இடத்தில் நிறுத்தினேன். முழுவதும் வாசிக்கும் வரை அவர் விடவில்லை.

நான் முடித்ததும் டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"மாடு கன்னு வீசுனா சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறோம். நானும்தான் குழி தோண்டியிருக்கேன். என் ஊட்டுல நடந்தா என்னா பண்ணுவே? சொல்லு."

அதுவரை அவர் என்னை ஒரு தடவைகூட 'நீ' என்றதில்லை. அவர் வெளியே போய் ஜீப்பின் சக்கரத்தை உதைத்தார்.

அம்மா அன்றே மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்தார். டிரைவரின் மனைவி, என் மனைவி, நான். நடந்ததைக் கேட்டு என் மனைவி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. டிரைவரின் மனைவி ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது மாட்டுக்குப் பாக்குற டெஸ்ட்தானேம்மா?"

"மனுஷங்களுக்கும் அதே டெஸ்ட்தான்."

"அப்ப காதுல நம்பர் தகடும் அடிப்பீங்களா?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயத்திலும் அந்தப் பெண்ணுக்கு வாய் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

சோதனை ரொம்பச் சாதாரணம். கண்ணாடித் தகட்டில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் ஒரு சொட்டு, அதன்மேல் செத்த கிருமி கலந்த மருந்து ஒரு சொட்டு. தகட்டை மெல்ல ஆட்ட வேண்டும். நோய் இல்லாவிட்டால் பால் மாதிரி ஒரே சீராக இருக்கும். இருந்தால் பால் திரிகிற மாதிரி துகள் துகளாகப் பிரியும். எத்தனையோ மாடுகளுக்கு நானே பார்த்து, 'திரிஞ்சிடுச்சு, அடுத்தது' என்று உற்சாகமாகக் கத்தியிருக்கிறேன்.

முதல் சொட்டு டிரைவரின் மனைவியுடையது. சீராக இருந்தது. இரண்டாவது என் மனைவியுடையது. அதுவும் அப்படியே. மூன்றாவது, அம்மா மருந்தை விட்டு ஒரு ஆட்டு ஆட்டியதுமே, பொலபொலவென்று திரிந்தது. அப்படி ஒரு திரிதலை எந்த மாட்டிலும் நான் பார்த்ததில்லை.

"இது யாருதுங்க?"

"உங்களுது."

"அப்ப தயிர்ல வந்துடுச்சுங்களா?"

"குழாய் உடைஞ்சது இன்னிக்குக் காலைல. ரத்தம் இப்படி மாற வாரக்கணக்குல ஆகும். இது பழைய சமாச்சாரம்." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "காய்ச்சல் வருதா?"

"சாயங்காலமானா வரும். அது இந்த ஊர்க் குளுருங்க."

"மூட்டு வலி?"

"வயசாகுதில்லீங்களா."

"தூக்கத்துல வேர்த்துக் கொட்டுதா?"

"கம்பளி கொஞ்சம் கனமுங்க."

"காரணமில்லாம எரிச்சல், கோபம் வரும். இந்த நோய்ல அதுவும் உண்டு."

வாசலில் நின்ற என் மனைவி அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அது கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சுங்கம்மா. அதைக் கிருமி கணக்குல எழுதிடாதீங்க."

எந்த வழியாக வந்தது என்று அம்மா கேட்டார். பிப்பெட்டா, பாகலூர் மாடா? என்னால் சொல்ல முடியவில்லை. கிருமி உள்ளே வர நான் அத்தனை வாசல் திறந்து வைத்திருந்தேன்.

என் கவலை என்னோடு போகட்டும். டிரைவரின் மனைவிக்கு அன்றைய சோதனை சுத்தமாக இருந்ததில் அர்த்தமே இல்லை. உள்ளே போயிருந்தால் தெரிவதற்கு நாளாகும். இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, அதற்கும் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார் அம்மா. பெங்களூரில் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவரும் காத்திருக்கத்தான் சொன்னார்.

எனக்குத் தினமும் ஓசூர் ஆஸ்பத்திரியில் ஊசி. கூட்டிப்போக ஜீப். ஜீப்புக்கு டிரைவர் அவர்தான். நான் பின்சீட்டில் உட்காருவேன். ஊசி போட்ட இடத்துக்கு உட்காருவதே கஷ்டம். அவர் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. பாகலூர் ரோட்டில் இத்தனை பள்ளம் இருப்பது அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. நான் முனகக்கூட இல்லை. அவர் வேண்டுமென்றேதான் விட்டார், எனக்கு அது சரியென்றே பட்டது.

சாவியை அம்மா வாங்கிக்கொண்டார். மேலிடத்துக்கு எழுதினார், அதில் என் காரியத்தை அப்படியே எழுதினார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் காகிதம் வந்தது. டிரைவரின் மனைவிக்குக் காய்ச்சல் வருகிறதா என்று என் மனைவி காலையும் மாலையும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். வந்து, "இல்ல" என்பாள். நான்கு வாரமும் எங்கள் வீட்டில் புழங்கிய பேச்சு அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டாவது சோதனை சுத்தம். மூன்றாவது சோதனை அன்று எனக்கு லேப்புக்குள் அனுமதி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். டிரைவர் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு முழத் தூரம்தான், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே அம்மா சொட்டு விட்டார், தகட்டை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். மறுபடி ஒரு தகட்டில் போட்டு முதலிலிருந்து ஆட்டினார். பிறகு எழுந்து வந்து ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் தகட்டைப் பிடித்துக் காட்டினார்.

டிரைவருக்கு அதைப் பார்க்கத் தெரியாது. என் தோளைப் பிடித்தார்.

"எப்படி இருக்குண்ணே? நீங்க பாத்துச் சொல்லுங்க."

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு துகள்கூட இல்லை.

"பாலாத்தான் இருக்குது, பாய். திரியல."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன், ஊசி போட்ட இடம் ஞாபகம் வந்து உடனே எழுந்தேன். அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதம், நல்ல கனம். எனக்கும் அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. பஞ்சு இல்லாத பிப்பெட்டை அதன்பின் நான் தொடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பெருமை என்கிற சமாச்சாரத்தையே அப்போது நிறுத்தியிருந்தேன். கையுறைகூடப் போட்டேன். பெரிய அளவு அலமாரியிலேயே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

குழந்தையைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். போவதற்கு முன் லேப் வாசலில் இருந்த கார்பாலிக் தண்ணீரில் முழங்கை வரைக்கும் இரண்டு தடவை கழுவினேன். தோல் வெளுத்துவிட்டது. டிரைவரின் மனைவி துணியில் சுற்றிய குழந்தையை அவர் கையில் கொடுத்து, "அண்ணன்கிட்ட குடுங்க" என்றாள்.

அவர் கொடுக்கவில்லை.

"கை கழுவுனீங்களா?"

"கழுவிட்டுத்தான் வந்தேன், பாய்."

"எங்க, குடுங்க."

குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறுகையால் என் கையைப் பிடித்து மூக்கிடம் கொண்டுபோய் மோந்து பார்த்தார். இன்னொரு கையையும் வாங்கி மோந்தார். கார்பாலிக் நெடி மூக்கில் ஏறி அவருக்கு இரண்டு தும்மல் வந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தையை என்னிடம் கொடுத்தார். நாற்றம் தாங்காமல் அது வீறிட்டு அழுதது.